ஸுபைர் (ரலி) விட்டுச் சென்ற கடன்

அஸர் தொழுகை முடிந்திருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு மஹல்லாவின் பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. மௌத்தானவர் நாற்பதாண்டுகள் கடைசல் பட்டறை நடத்தியவர். இரண்டு லேத்துகளை வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். ஸஃப்புகள் நேராக்கப்பட்டன. இமாம் தலையசைக்க, மூத்த மகன் முன்வந்து கூட்டத்தை நோக்கி நின்றார்.

“எங்கள் அத்தா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் பொறுப்பு. அவர்கள் யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்.”

அரை நிமிடம்கூட ஆகியிராது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையை அசைத்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. தக்பீர் கட்டப்பட்டது.

அன்பு வாசகர்களே, இக்காட்சி நமக்குப் புதிதன்று. ஆவடியிலும் பூந்தமல்லியிலும், ஏன், தமிழகத்தின் எந்த மஹல்லாவிலும் ஜனாஸாவின்போது கேட்கப்படும் சொற்கள்தாம் இவை. நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நல்ல வழக்கங்களில் இது தலையாயது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அன்று எனக்குள் ஒரு நெருடல் எழுந்தது. அந்தப் பெரியவருக்குக் கடன் இருந்தது என்பதை நான் அறிவேன். இரும்புக் கம்பியைத் தவணைக்குக் கொடுத்த வியாபாரி, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தவர், அவசரத்துக்குக் கைமாற்றுத் தந்த பக்கத்துப் பட்டறைக்காரர் ஆகிய மூவருமே முஸ்லிம்கள் அல்லர். காலையில் வீட்டுக்கு வந்து முகம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் அவர்கள் இல்லை. கேட்க வேண்டியவர்களைத் தவிர மற்ற எல்லோர் செவியிலும் அந்த அறிவிப்பு விழுந்தது.

இவ்வறிவிப்பின் வேர் மதீனாவில் இருக்கிறது. தோழர் ஒருவரின் ஜனாஸா நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் கொண்டுவரப்பட்டது. தொழவைக்க முன்வந்த அண்ணலார், இவருக்குக் கடன் ஏதும் உண்டா என்று வினவினார்கள். இரண்டு தீனார் உண்டு என்று பதில் வந்தது. அண்ணலார் திரும்பிவிட்டார்கள். இரண்டு தீனார் என்பது எட்டரை கிராம் பொன். நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்றே கூடுதல். அந்த ஒரு பவுனுக்காகத் தொழுகை நின்றது. அப்போது அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடன் தம்முடைய பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளவே, தொழுகை நடந்தது.

மேடைகளிலும் மிம்பர்களிலும் இந்நிகழ்ச்சியை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவதே வழக்கம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இன்னும் தொடர்கிறது. ஒரு நாள் கழிந்தபின் அண்ணலார் அபூகதாதாவை நோக்கி, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று கேட்டார்கள். அவர் இறந்தது நேற்றுத்தானே என்றார் அபூகதாதா. மறுநாளும் அதே கேள்வி வந்தது. கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகே, இப்போதுதான் இறந்தவரின் மேனி குளிர்ந்தது என்ற கருத்துப்பட அண்ணலார் கூறினார்கள். பொறுப்பேற்ற சொல்லுக்காகத் தொழுகை கிடைத்தது; குளிர்ச்சியோ பணம் கைமாறிய பின்னர்தான் கிடைத்தது. “நான் பொறுப்பு” என்று அறிவித்துவிட்டு வீடு திரும்பும் ஒவ்வொரு மகனும் அபூகதாதாவின் இடத்தில் நிற்கிறார். கேட்பதற்கு நாயகம் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

கடன்பட்டு இறப்பது குற்றம் என்று யாரும் கருதிவிட வேண்டா. அண்ணலார் (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. உமர் (ரலி) அவர்கள் 644ஆம் ஆண்டு குத்துண்டு படுக்கையில் கிடந்தபோது தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். எண்பத்தாறாயிரம் அளவில் இருந்தது. பரந்த பேரரசின் கலீஃபா! முதலில் உமரின் குடும்பச் சொத்திலிருந்து கொடு. போதாவிடில் நம் குலத்தாரான அதீ கூட்டத்தாரிடம் கேள். அதற்கும் மேல் வேண்டுமானால் குறைஷியரிடம் கேள். அவர்களைத் தாண்டிப் போகாதே என்று வரிசை வகுத்துக் கொடுத்தார்கள். அதன் பின்னரே, அண்ணலாரின் அருகில் அடக்கம் செய்ய இடம் வேண்டி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் மகனை அனுப்பினார்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பதைச் சற்றே கவனியுங்கள்.

இனி ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களிடம் வருவோம். அண்ணலாரின் அத்தை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் புதல்வர். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். அகழ்ப்போரின்போது அண்ணலாரால் தம்முடைய உற்ற துணைவர் என்று புகழப்பட்டவர். மதீனாவுக்கு வந்த புதிதில் அவரிடம் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு சொத்தில்லை. அவருடைய துணைவியார் அஸ்மா (ரலி) அவர்கள், அபூபக்ர் (ரலி) அவர்களின் அருமை மகளார், பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தூரம் நடந்து வந்து அக்குதிரையைத் தீனியிட்டு வளர்த்தார்கள். அந்த நிலையிலிருந்து உயர்ந்தவர் ஸுபைர். ஆளுநர் பதவியோ வரி வசூலிக்கும் பொறுப்போ எக்காலத்திலும் அவர் வகித்ததில்லை என்று வரலாறு குறிப்பாகச் சொல்கிறது.

அவர் நேர்மையை நம்பி மக்கள் தங்கள் பணத்தை அவரிடம் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்து தருவார்கள். அமானிதமாக ஏற்க அவர் மறுத்துவிடுவார். இது என் கடனாகவே இருக்கட்டும் என்பார். இங்குள்ள நுட்பத்தை வணிகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அமானிதப் பொருள், வைத்திருப்பவரின் கவனக்குறைவு இன்றித் தொலைந்துபோனால் அவர் ஈடு செய்யத் தேவையில்லை. கடனோ என்ன ஆனாலும் திருப்பித் தந்தே தீரவேண்டியது. தம்மிடம் வந்த பணம் களவு போனாலும் அதைக் கொடுத்தவர் இழப்படையக் கூடாது என்று, சுமையைத் தாமே விரும்பித் தம் தோளில் ஏற்றிக்கொண்டார் ஸுபைர். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தை “சும்மா என்னிடம் வைத்திருக்கச் சொன்னான்” என்று வாங்கிக்கொண்டு, அதைத் தொழிலில் போட்டு, தொழில் முடங்கியதும் “அது கடனா என்ன?” என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

656ஆம் ஆண்டு ஜமல் போர் நடந்தது. அந்தத் துயர வரலாற்றுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. அன்று காலை ஸுபைர் தம் மகன் அப்துல்லாஹ்வை அருகில் அழைத்தார். இன்று தாம் அநீதியாகக் கொல்லப்படுவோம் என்று தோன்றுவதாகவும், தமக்குள்ள பெருங்கவலை தம் கடன்தான் என்றும் கூறினார். கடனை அடைத்தால் நம் சொத்தில் ஏதேனும் மிஞ்சும் என்று நினைக்கிறாயா என்று மகனையே கேட்டார். சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்துவிடு. எங்கேனும் முடியாமல் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார். எஜமானன் யார் என்று மகனுக்கு விளங்கவில்லை. கேட்டபோது, அல்லாஹ் என்றார் தந்தை. பின்னாளில் கடனைத் தீர்ப்பதில் இடர் வந்தபோதெல்லாம், ஸுபைரின் எஜமானனே, அவருடைய கடனை நீயே தீர்த்துவை என்று வேண்டிக்கொண்டதாகவும், அது தீர்ந்ததாகவும் அப்துல்லாஹ் தாமே சொல்லியிருக்கிறார்.

ஸுபைர் ஷஹீதானார். கையிருப்பாக ஒரு தீனாரும் இல்லை, ஒரு திர்ஹமும் இல்லை. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவிலும் எகிப்திலும் ஒவ்வொன்று, இவற்றோடு நிலங்கள். மகன் கணக்கெடுத்தபோது கடன் 22 இலட்சமாக இருந்தது! உறவினரான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) வழியில் சந்தித்து, என் சகோதரருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டார். தந்தையின் மானம் கருதிய அப்துல்லாஹ் ஓர் இலட்சம் என்று மட்டும் சொன்னார். அதற்கே உங்கள் சொத்து தாங்காதே என்று வியந்தார் ஹகீம். 22 இலட்சமாக இருந்தால் என்று அப்துல்லாஹ் கேட்கவும், அது உங்களால் ஆகாது, முடியாதபோது என்னிடம் வாருங்கள் என்றார்.

அப்துல்லாஹ் போகவில்லை. ஃகாபா என்ற நிலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தந்தை அதனை 1,70,000க்கு வாங்கியிருந்தார். இப்போது அதன் மதிப்பு 16 இலட்சம். ஸுபைரிடமிருந்து வரவேண்டியது உள்ளவர்கள் ஃகாபாவுக்கு வரலாம் என்று அறிவித்தார். நான்கு இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) வந்து, நீங்கள் விரும்பினால் விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மகன். அப்படியானால் பிறகு கொடுங்கள் என்றார். அதற்கும் வேண்டாம் என்றே பதில் வந்தது. சரி, எனக்குரிய நிலத்தைப் பிரித்துத் தாருங்கள் என்றதும், இங்கிருந்து இதுவரை உங்களுடையது என்று எல்லை காட்டினார் அப்துல்லாஹ். மீதியை ஒரு பங்குக்கு ஓர் இலட்சம் என விலை வைத்து விற்றுக் கடன் முழுவதையும் தீர்த்தார்.

நம் பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்த நிலக் கணக்கு மிக நன்றாக விளங்கும். ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டுக்குள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. அந்நாளில் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் ஏரிக்கரை ஓரங்களில் கிரவுண்டு கணக்கில் இடம் வாங்கிப் போட்டவர்களின் பிள்ளைகள் இன்று எத்தகைய மதிப்புள்ள மண்ணில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அத்தாவின் கடன் என்று வரும்போது, “இடத்தை இப்போது விற்றால் நஷ்டம், மெட்ரோ வரட்டும், விலை ஏறட்டும்” என்கிறோம். கடன் கொடுத்தவர் காத்திருக்கிறார். கபுரில் இருப்பவரும் காத்திருக்கிறார். அப்துல்லாஹ் விற்றது ஒதுக்குப்புறத் தரிசை அன்று, விலை ஏறிக்கொண்டிருந்த நிலத்தை. செத்தும் கொடுத்த சீதக்காதியைத் தமிழகம் முழுவதும் அறியும். செத்தும் கடன் தீர்த்த ஸுபைரை நம் பிள்ளைகளாவது அறிய வேண்டாவா?

கடன் தீர்ந்தது, இனிப் பாகப்பிரிவினை செய்யுங்கள் என்று ஸுபைரின் மற்றப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். நியாயமான கோரிக்கைதான். அப்துல்லாஹ் இசையவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும், ஸுபைரிடம் கடன் உள்ளவர்கள் வரலாம் என்று நான் அறிவிக்காதவரை பங்கிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவ்வாறே நான்கு ஹஜ்ஜுகளில், உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் கூடும் இடத்தில் நின்று அறிவித்தார். நான்காண்டுகள் கழிந்த பின்னரே மரணசாசனப்படி மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு வாரிசுகளுக்குப் பங்கிட்டார். நான்கு மனைவியருக்கும் ஆளுக்கு 12 இலட்சம் கிடைத்தது. கடன் கொடுத்தவர் மதீனாவில்தான் இருப்பார் என்று அவர் எண்ணவில்லை. இருக்கக்கூடிய இடத்துக்கே தேடிப் போனார். நாமோ பள்ளிவாசல் முற்றத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். தொழிற்பேட்டையின் இரும்புக் கடைக்கும், சந்தையின் மொத்த வியாபாரிக்கும், அடகுக் கடைச் சேட்டுக்கும் அந்தக் குரல் எட்டுவதே இல்லை.

கடன் கொடுத்தவர் வேறு சமயத்தவராக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஜாபிர் (ரலி) அவர்களின் வாழ்க்கை விடை தருகிறது. அவருடைய தந்தை 625ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஷஹீதானார். பல பெண்மக்களையும், ஒரு யூதருக்குத் தரவேண்டிய முப்பது வஸக் பேரீச்சம்பழக் கடனையும் விட்டுச் சென்றிருந்தார். ஜாபிரோ அப்போது இளைஞர். தவணை கேட்டார், கிடைக்கவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்களே நேரில் சென்று பரிந்து பேசினார்கள். அந்த யூதர் இணங்கவில்லை. மதீனாவின் தலைவர் கேட்டும் ஒரு குடிமகன் மறுக்கிறார். அதற்காக அவருடைய உரிமையை அண்ணலார் தள்ளுபடி செய்யவில்லை. ஷஹீதின் மகன், அனாதைப் பெண்களைக் காப்பவன் என்ற காரணங்கள் எல்லாம் இரக்கத்துக்கு உரியவை. ஆனால் அவை கடனை அழித்துவிடவில்லை. அண்ணலார் பேரீச்சை மரங்களுக்கிடையே நடந்து சென்றார்கள்; பிறகு பறித்து அளந்து கொடுக்கச் சொன்னார்கள். முப்பது வஸக் முழுதும் கொடுத்தபின் பதினேழு வஸக் எஞ்சியது என்பது ஜாபிரின் வாக்கு. இந்த முஃஜிஸாவைப் பற்றி நிறையவே பேசுகிறோம். அதற்கு முன்பு அண்ணலார் அந்த மறுப்பைப் பொறுத்துக்கொண்ட பண்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

கொடுத்தவருக்கும் பாடம் உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்க, குரல்கள் உயர்ந்தன. இல்லத்துத் திரையை விலக்கி எட்டிப் பார்த்த அண்ணலார், பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கையால் சைகை காட்டினார்கள். கஅப் உடனே இசைந்தார். அடுத்த கணமே மற்றவரை நோக்கி, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடு என்றார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தபோதும், 2020இல் ஊரடங்கால் மாதக்கணக்கில் வேலை நின்றபோதும், பாதியை விட்டுக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். பட்டறையைப் பூட்டியவர்களும் இருந்தார்கள்.

வட்டியின் தீமையைப் பற்றி நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். அதை நான் மீண்டும் எழுதப் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு கடனைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அது மஹர். நிக்காஹ் தஃப்தரில் தொகை எழுதப்படுகிறது. கொடுக்கப்படாமலே ஆண்டுகள் கழிகின்றன. கணவர் மௌத்தானதும், கதறிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடம் நாலு பெண்கள் சூழ்ந்து நின்று, “மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா” என்கிறார்கள். அந்த வேளையில் அவள் வேறு என்ன சொல்வாள்? மஹர் என்பது மனைவிக்குரிய கடன். பங்கு பிரிப்பதற்கு முன் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டியது. அவளுடைய நகையை வாங்கி அடகு வைத்துத் தொழிலுக்குப் போட்டிருந்தால் அதுவும் கடன்தான். அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் நல்ல மனத்தோடு தாமாகவே தள்ளுபடி செய்ய முன்வந்தும் ஸுபைரின் மகன் மறுத்தார். நாமோ கேட்டு வாங்குகிறோம், அதுவும் மையித்தின் தலைமாட்டில்.

ஜமாஅத்தார்க்கும் ஒரு சொல். மதீனாவின் நிலை செழித்தபோது, கடனை அடைக்க வழியின்றி இறப்பவரின் கடன் தம் பொறுப்பு என்று அண்ணலார் அறிவித்தார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். ரமலானில் அரிசியும் சேலையும் வழங்குகிறோம், நல்லதே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து, கைப்பேசிச் செயலியில் வாங்கிய கடனுக்காக வரும் அழைப்புகளை எடுக்க அஞ்சி வெளியே நிற்பவர் நம் வரிசையில் நிற்பதில்லை. அவரைத் தேடித்தான் போக வேண்டும். எழுதி வைக்கும் பழக்கத்தையும் ஜமாஅத்து ஊக்குவிக்கலாம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது.

அம்பத்தூர்ப் பெரியவர் எழுதி வைத்திருந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் மூத்த மகன் என் வீட்டுக்கு வந்தார். கையில் எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டு. பட்டறையின் மேசை அறையில் கிடைத்ததாம். நான் என் நெருடலைச் சொன்னேன். ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் ஹஜ்ஜில் நின்று கூவிய செய்தியையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாளைக்குப் பட்டறை லீவுதான். நடந்தே போய்விட்டு வருகிறேன்” என்றார்.

இரும்புக் கடையில் தொடங்கித் தெருத் தெருவாகப் போனார். நோட்டில் இருந்த பதினோரு பேரில் பத்துப் பேரைக் கண்டுபிடித்துவிட்டார். காயில் கட்டுபவர் தமக்கு வரவேண்டியதையே மறந்துவிட்டிருந்தாராம். பணத்தை வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவரிடம், “வேண்டாம் அண்ணே, வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கையில் திணித்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு லேத்தை விற்க வேண்டியதாயிற்று. இளைய தம்பிக்கு அதில் வருத்தம் என்று கேள்வி.

பதினோராவது வரியில் ஒற்றை எழுத்தும் 1,500 என்ற தொகையும் மட்டுமே இருக்கின்றன. தேதியும் இல்லை. அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் ஒவ்வொருவரிடமும், “எங்கள் அத்தா உங்களுக்குப் பணம் ஏதும் தரவேண்டுமா?” என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். பணம் ஓர் உறையில் மேசை அறைக்குள் இருக்கிறது.